ஊட்டி அழகா, ஒளிப்பதிவு அழகா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த ஞாயிறு பதிப்பில் பாலு மகேந்திராவைப் பற்றி வெளிவந்த கட்டுரையை ஆர்வத்துடன் வாசித்தேன். ஆனால் அவரை இயக்குநராக மட்டுமே காட்டி, ஊட்டியில் எடுக்கப்பட்ட 'மூன்றாம் பிறை' படத்தின் காட்சியழகு முழுவதையும் அந்த ஊரின் கணக்கில் எழுதியிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை.

மட்டக்களப்பை அடுத்த அமிர்தகழியில் 1939இல் பிறந்து, புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு பயின்ற அவர், முதலில் பிறர் படங்களுக்கே கேமரா பிடித்தார். 'நெல்லு' என்னும் மலையாளப் படம் கேரள அரசின் விருதை அவருக்குப் பெற்றுத் தந்தது. தமிழில் 'முள்ளும் மலரும்', தெலுங்கில் 'சங்கராபரணம்', மணிரத்னத்தின் முதல் படமான கன்னடப் 'பல்லவி அனுபல்லவி' ஆகியவற்றையும் அவரே ஒளிப்பதிவு செய்தார். அவர் இயக்கிய 'கோகிலா'வும் 'மூன்றாம் பிறை'யும் அவருக்குத் தேசிய விருது பெற்றுத் தந்தது ஒளிப்பதிவுக்காகத்தான் என்பதைக் கட்டுரையாளர் குறிப்பிடவே இல்லை.

அன்றைய வண்ணப் படச்சுருளுக்கு வெளிச்சம் மிகுதியாகத் தேவைப்பட்டதால், முகத்தில் நிழலே விழாதபடி விளக்குகளைக் குவிப்பதே பலரின் வழக்கமாக இருந்தது. பாலு மகேந்திராவோ சன்னல் வழியாகவும் வாசல் வழியாகவும் வரும் இயல்பான ஒளியை நம்பி, முகத்தின் ஒரு பாதி இருளில் கிடக்கவும் துணிந்து விட்டார். வேலை தொடங்குமுன் ஆள் கணக்கெடுக்கும் 'பிரட்டு'க்கு விடியுமுன்னே வரிசையில் நின்று, எதிரில் நிற்பவரை அரையிருட்டில் பார்த்துப் பழகிய எங்கள் தோட்டத்துப் பெரியவர்களுக்கு அந்த முகங்கள் அந்நியமாகத் தோன்றவில்லை.

ஊட்டிதான் காரணம் என்றால், 1988இல் வந்த 'வீடு' படத்தை எப்படி விளக்குவது? அதில் மலையும் இல்லை, பனியும் இல்லை. சென்னையில் பாதி எழும்பி நிற்கும் ஒரு கட்டடத்தைச் சுற்றியே கதை நகர்கிறது. ஆயினும் அந்தச் செங்கற்சுவர்களை இன்றும் மறக்க முடியவில்லை. மாறாக, இங்கே மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட்டிலிருந்து கேமரன் மலை அதிகத் தொலைவில் இல்லை. அங்கே எடுக்கப்படும் உள்ளூர்ப் பாடல் காட்சிகள் பலவும் தேயிலைச் சரிவை நாட்காட்டிப் படம்போலக் காட்டுவதோடு நின்றுவிடுகின்றன.

தங்கள் திரை விமர்சனப் பகுதியில் நடிகர், இயக்குநர், இசையமைப்பாளர் பெயர்களோடு ஒளிப்பதிவாளரின் பெயரையும் இனி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
சுங்கை சிப்புட், பேராக்.