மஞ்சள் குப்பியும் அண்ணனின் மாத்திரையும்

அன்புள்ள ரேவதி,

உன் கடிதமும், அதோடு மடித்து வைத்திருந்த அண்ணனின் ரிப்போர்ட் நகலும் வந்து சேர்ந்தன. வாட்ஸ்ஆப்பில் போட்டிருந்தால் அன்றைக்கே பார்த்திருப்பேன். இருந்தாலும் உன் கையெழுத்தைப் பார்த்து எத்தனை காலமாயிற்று! வங்கியில் இத்தனை வருஷம் கையெழுத்துப் போட்டும் அது கெடவே இல்லை.

முதலில் ரிப்போர்ட். இடுப்பு 98 செ.மீ., ரத்தக் கொழுப்பில் ஒரு வகையான டிரைகிளிசரைடு 212, 'நல்ல கொலஸ்ட்ரால்' என்கிற எச்டிஎல் 36, வெறும் வயிற்றில் சுகர் 112, பிரஷர் 136க்கு 88. டாக்டர் 'மெட்டபாலிக் சிண்ட்ரோம்' என்று எழுதியதைப் பார்த்து ஏதோ புது வியாதி என்று பயந்துவிட்டாய். பயப்படாதே, இது தனி வியாதி இல்லை. ஐந்து அளவுகளில் மூன்று எல்லை தாண்டினால் இந்தப் பெயரை வைக்கிறார்கள். நம் ஊர் ஆண்களுக்கு இடுப்பு 90 செ.மீ., டிரைகிளிசரைடு 150, சுகர் 100, பிரஷர் 130க்கு 85 என்பவை எல்லைகள். எச்டிஎல் 40க்குக் கீழே போகக் கூடாது. அண்ணன் ஐந்துக்கு ஐந்து வாங்கியிருக்கிறார், பரீட்சையில் வாங்கியிருந்தால் கொண்டாடியிருக்கலாம். 1988இல் ஜெரால்ட் ரீவன் என்ற அமெரிக்க மருத்துவர், இந்தக் கோளாறுகள் கூட்டாக வருவதற்கு அடியில் இருப்பது இன்சுலினுக்கு உடம்பு சரியாகக் கீழ்ப்படியாததுதான் என்று எடுத்துச் சொன்னார். அந்தக் கூட்டத்துக்கு அவர் வைத்த பெயர் 'சிண்ட்ரோம் எக்ஸ்'. கவனிக்காமல் விட்டால் அது சர்க்கரை நோய்க்கோ மாரடைப்புக்கோ இட்டுச் செல்லும். கவனித்தால் பின்வாங்கவும் செய்யும்.

அப்புறம் உங்கள் பையன் அமெரிக்காவிலிருந்து கொண்டு வந்த குப்பி. மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின், மிளகுச் சத்து, ரெஸ்வெரட்ரால், கிரீன் டீ சாறு, எல்லாம் ஒரே காப்ஸ்யூலில். மேலே பெரிய எழுத்தில் 'ஆன்டிஆக்ஸிடன்ட்'. அண்ணன் இதைத் தொடங்கிவிட்டு, டாக்டர் எழுதிய கொலஸ்ட்ரால் மாத்திரை அட்டோர்வாஸ்டாட்டினையும் பிரஷர் மாத்திரை டெல்மிசார்ட்டனையும் 'பிறகு பார்க்கலாம்' என்று இழுப்பறையில் போட்டுவிட்டார் என்று ஒரு வரி எழுதியிருக்கிறாயே, அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இரண்டாம் வருஷம் ஆய்வகத்தில் நாம் மஞ்சளைச் சாறு இறக்கும் சாக்ஸ்லெட் கருவியில் ஏற்றியது நினைவிருக்கிறதா? ஆல்கஹால் ஆவியாகி மேலே போய்க் குளிர்ந்து, தூள் வைத்த காகிதக் குழாயில் சொட்டிச் சொட்டி நிறையும். நிறைந்ததும் மடக்கென்று கீழே இறங்கும். ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் குடுவையில் ஆரஞ்சு நிறம் கூடிக்கொண்டே போகும். அது உன் வெள்ளைத் தாவணியில் சிந்தியது. விடுதிக்கு வந்து சோப்புப் போட்டதும் ரத்தமாகச் சிவந்து நீ போட்ட கூச்சலில் வார்டன் ஓடி வந்தார். காரம் பட்டால் குர்குமின் சிவக்கும் என்பது மட்டும்தான் அன்றைக்கு நமக்குத் தெரியும். அந்தப் பொருள் தண்ணீரில் கரையாது. நம் ரத்தத்தின் காரத்தன்மை உள்ள கரைசலில், உடம்புச் சூட்டில் வைத்தால், அரை மணி நேரத்தில் பத்தில் ஒன்பது பங்கு சிதைந்துவிடும். ரத்தப் புரதம் கூட இருந்தால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். குடலில் உறிஞ்சப்படுவது சொற்பம், உறிஞ்சியதையும் கல்லீரல் உடனே மாற்றி வெளியே தள்ளிவிடும். அதனால்தான் மிளகிலிருக்கும் பைப்பரினைச் சேர்க்கிறார்கள். 1998இல் பெங்களூரில் செய்த ஆய்வில் 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுத்தபோது ரத்தத்தில் சேர்ந்த அளவு பல மடங்கு கூடியது. ஆனால் பைப்பரினுக்குக் குர்குமின் மேல் மட்டும் தனிப் பிரியம் கிடையாது. மருந்துகளைக் கல்லீரல் சிதைக்கும் வேலையையே அது மெதுவாக்குகிறது. மற்ற மாத்திரைகளின் அளவும் அதனால் கூடலாம். குப்பியில் இதை யாரும் அச்சடிப்பதில்லை.

குர்குமின் வெறும் கதை என்று சொல்லமாட்டேன். தாய்லாந்தில் சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 240 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஒன்பது மாதம் தினம் ஒன்றரை கிராம் குர்குமின் கலவை கொடுத்தார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 16.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. குர்குமின் சாப்பிட்டவர்களில் ஒருவருக்குக்கூட வரவில்லை. 2012இல் இது வெளிவந்தபோது ஆசிரியர் அறையில் ஒரே பேச்சு. எனக்கு அந்தப் பூஜ்யம் கொஞ்சம் உறுத்தியது. நல்ல மருந்துகளே அவ்வளவு சுத்தமான பூஜ்யம் கொடுப்பதில்லை. அது ஒரே இடத்தில் நடந்த ஒரு ஆய்வு. மற்ற ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை, சில வாரங்களே நீடித்தவை. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் சுகரும் டிரைகிளிசரைடும் கொஞ்சம் இறங்குகின்றன, அவ்வளவுதான். மாரடைப்பு குறைந்தது என்று காட்டும் ஆய்வு எதையும் நான் பார்த்ததில்லை. நம் ரசத்திலும் சாம்பாரிலும் போடும் மஞ்சளே போதுமே என்று நீ கேட்பாய். மஞ்சள்தூளில் குர்குமின் ஏறக்குறைய 3 சதவீதம். அந்த ஒன்றரை கிராம் வேண்டுமானால் தினம் ஐம்பது கிராம் தூள் விழுங்க வேண்டும். தாவணி மட்டுமில்லை, நீயே மஞ்சளாகிவிடுவாய்.

ரெஸ்வெரட்ரால் கதை இன்னும் வேடிக்கை. சிவப்பு திராட்சைத் தோலில் இருக்கும் பொருள். 2006இல் கொழுப்புத் தீனி தின்ற எலிகள் இதனால் அதிக நாள் வாழ்ந்தன என்று செய்தி வந்ததும் உலகமே குதித்தது. இதே தடத்தில் மருந்து தேடிக்கொண்டிருந்த ஒரு சின்னக் கம்பெனியை 2008இல் கிளாக்ஸோ ஸ்மித்கிளைன் 72 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. ஐந்தே வருஷத்தில் அந்த அலுவலகத்தை மூடிவிட்டார்கள். மனிதர்களிடம் என்ன ஆயிற்று? நெதர்லாந்தில் பருமனான 11 ஆண்களுக்கு ஒரு மாதம் தினம் 150 மில்லிகிராம் கொடுத்து நல்ல மாற்றம் பார்த்தார்கள். டென்மார்க்கில் பத்து மடங்கு கொடுத்தும் இன்சுலின் விஷயத்தில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு இத்தாலியில் கியான்டி வட்டாரத்தில், ஒயினுக்குப் பேர்போன ஊர்களிலேயே, 783 முதியவர்களின் சிறுநீரில் இதன் அளவைப் பார்த்து வருஷக்கணக்கில் தொடர்ந்தார்கள். அளவு கூடியவர்கள் அதிக நாள் வாழவும் இல்லை, இதய நோய் குறையவும் இல்லை.

சரி, இந்த 'ஆன்டிஆக்ஸிடன்ட்' என்ற சொல்லுக்கு வருகிறேன். ஓய்வு பெறும் வரை என் மாணவர்களோடு நான் சண்டை போட்டது இதற்காகத்தான். ஆக்ஸிஜனிலிருந்து பிறக்கும் ஃப்ரீ ராடிக்கல்கள் என்ற நிலையற்ற துகள்கள் உடம்பை அரிக்கின்றன, அதனால்தான் மூப்பு வருகிறது என்று 1956இல் டென்ஹாம் ஹார்மன் சொன்னார். அப்படியானால் அவற்றைத் துடைத்தெடுக்கும் பொருளை விழுங்கினால் நோய் போய்விடும் என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,000 பேரிடம் சோதித்ததில், பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியது. இது 1994இல். அதற்குப் பிறகும் சந்தை அடங்கவில்லை.

அண்ணனுக்கு நேரடியாகப் பொருந்துவது ஜெர்மனியின் யேனாவில் செய்த ஆய்வு, 2009. இளைஞர்களை நாலு வாரம் உடற்பயிற்சி செய்யவைத்து, பாதிப் பேருக்கு வைட்டமின் சி 1000 மில்லிகிராமும் வைட்டமின் இ 400 யூனிட்டும் கொடுத்தார்கள். மாத்திரை இல்லாதவர்களுக்கு இன்சுலின் நன்றாக வேலை செய்யத் தொடங்கியது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு அந்தப் பலன் வரவில்லை! தசை வேலை செய்யும்போது பிறக்கும் அந்த ராடிக்கல்கள்தான் 'உன்னைச் சரிசெய்துகொள்' என்று செல்லுக்குத் தகவல் சொல்கின்றன. அதைத் துடைத்துவிட்டால் தகவலும் போய்விடும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. உன் ரத்தத்தில் ஏற்கனவே இருக்கும் ஆன்டிஆக்ஸிடன்ட்களில் யூரிக் அமிலம் லிட்டருக்குச் சுமார் 300 மைக்ரோமோல், வைட்டமின் சி சுமார் 50. எவ்வளவு கீரையும் தேநீரும் சாப்பிட்டாலும் குர்குமின், ரெஸ்வெரட்ரால் போன்ற தாவரத்து பாலிஃபீனால்கள் பெரும்பாலும் ஒன்றைக்கூடத் தொடுவதில்லை. ஏற்கனவே முந்நூறு இருக்கும் இடத்தில் இந்த ஒன்று என்ன துடைத்துவிடும்? உணவுப் பொருள்களுக்கு ஆன்டிஆக்ஸிடன்ட் மதிப்பெண் போட்டுப் பட்டியல் வெளியிட்டிருந்த அமெரிக்க விவசாயத் துறை 2012இல் அதைத் தன் தளத்திலிருந்தே எடுத்துவிட்டது.

அப்படியானால் செடிகளில் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது, வேலை செய்யும் வழிதான் வேறு. இந்தப் பொருள்களில் பல நம் செல்லுக்கு லேசான எரிச்சல் ஊட்டுகின்றன. பக்கத்து வீட்டில் திருட்டு என்று கேட்டதும் நாம் நம் வீட்டுத் தாழ்ப்பாளைச் சரிபார்ப்பது போல, செல் தன் பாதுகாப்பு நொதிகளைத் தானே அதிகமாகச் செய்துகொள்கிறது. உறிஞ்சப்படாத பெரும்பகுதி பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள பாக்டீரியாக்களிடம் சிக்கி வேறு பொருள்களாகிறது. அதிலும் பலன் இருக்கலாம். இதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக, பல உணவுகளிலிருந்து, தினமும் நடக்க வேண்டிய விஷயம். அதைப் பிழிந்து குப்பியில் அடைத்து நூறு மடங்கு கொடுத்தால் அந்த லேசான எரிச்சல் லேசாகவே இருக்கும் என்று யார் சொன்னது? கிரீன் டீயைக் குடிப்பதில் ஆபத்து இல்லை. ஆனால் அதன் சாற்று மாத்திரையில் ஈஜிசிஜி என்ற பொருள் தினம் 800 மில்லிகிராமைத் தொட்டால் கல்லீரல் நொதிகள் ஏறுகின்றன என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் எச்சரித்தது. மஞ்சள் மாத்திரை சாப்பிட்டுக் கல்லீரல் வீங்கியவர்கள் இத்தாலியிலும் அமெரிக்காவிலும் பதிவாகியிருக்கிறார்கள். அரிதுதான். ஆனால் இரண்டும் ஒரே காப்ஸ்யூலில் இருக்கிறதே.

நான் செடிகளுக்கு எதிரி இல்லை, பாதி வாழ்க்கை அவற்றைக் காய்ச்சியே போனது. சர்க்கரை நோய்க்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின்கூட ஐரோப்பாவில் கால்நடைக்கு விஷமாகும் கலேகா என்ற செடியின் வழிவந்ததுதான். செடியில் இருந்த பொருள் மனிதனுக்கும் ஆகவில்லை. அதன் உறவான இன்னொரு மூலக்கூறை ஆய்வகத்தில் செய்து, 1957இல் ஜான் ஸ்டெர்ன் என்ற பிரெஞ்சு மருத்துவர் சர்க்கரை நோயாளிகளுக்குக் கொடுத்துக் காட்டினார். எது, எவ்வளவு, யாருக்கு என்று தெரிந்த பிறகுதான் அது மருந்தானது. குப்பிக்காரர்கள் தாண்டாத படி அதுதான்.

அண்ணனுக்கு நான் சொல்வேன் என்றால், சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் குழு செய்த ஆய்வைச் சொல்வேன். நம்மைப் போன்ற 531 பேர், எல்லோரும் சர்க்கரையின் வாசலில். சும்மா விட்டவர்களில் மூன்று வருஷத்துக்குள் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. தினம் அரை மணி நடை, சோறு, சர்க்கரை, எண்ணெய் குறைப்பு என்று மாறியவர்களில் 39.3. மெட்ஃபார்மின் சாப்பிட்டவர்களில் 40.5. நடை மாத்திரைக்குச் சளைக்கவில்லை. கீரை, நெல்லிக்காய், சுண்டல், தோலோடு பயறு, மஞ்சள் எல்லாம் தட்டில் இருக்கட்டும், தாராளமாக. சோற்றுக் குவியலை மட்டும் பாதியாக்கு. 'கறி போதாது' என்று அவர் முனகுவார், கூடக் கொஞ்சம் வை.

குப்பியை நிறுத்தச் சொல். இழுப்பறை மாத்திரைகளை இன்றைக்கே எடுத்துச் சாப்பிடச் சொல், டாக்டரிடம் குப்பி விஷயத்தையும் மறைக்காமல் சொல்லட்டும். எத்தனை நாளாகச் சாப்பிடுகிறார் என்று நீ எழுதவில்லை, அதனால் அடுத்த ரத்தப் பரிசோதனையில் எஸ்ஜிபிடி என்ற கல்லீரல் நொதியையும் சேர்த்துப் பாருங்கள். கண் மஞ்சளித்தாலோ சிறுநீர் கறுத்தாலோ காத்திருக்காதே. பையன் மனம் நோகாமல் சொல், பாவம், அப்பா மேல் உள்ள பிரியத்தில் வாங்கி வந்திருக்கிறான்.

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்து, இப்போது வீட்டு மூலையில் இருக்கும் தூசியெல்லாம் தெரிகிறது, எனக்குத்தான் கஷ்டம். வைகாசியில் நாத்தனார் மகள் கல்யாணத்துக்குக் கும்பகோணம் வருகிறேன், இரண்டு நாள் உன் வீட்டில்தான். அண்ணனைக் காலையில் மகாமகக் குளத்தைச் சுற்ற இழுத்துப் போவது என் பொறுப்பு.

அன்புடன்,
ஜெயந்தி