உழவர் சங்க ஆண்டறிக்கை: களர் அடிமண்ணும் வடிகாலும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

வழக்கமான விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். மாதக் கூட்டங்கள் நடந்தன. ஐப்பசியில் மட்டும் மழையால் ஒன்று தள்ளிப்போனது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கிக்காரர்கள் பெயரை இங்கே படிக்கப் போவதில்லை, அவர்களுக்கே தெரியும்.

இந்த ஆண்டு பேச்செல்லாம் அடிமண்ணைப் பற்றித்தான். சரபங்கா ஆற்றுக் கரையோரத் தாழ்ந்த விவசாயக் காடுகளில் மரவள்ளிக் கிழங்கு அழுகியபோது பூச்சி, நோய் என்று ஆளுக்கொன்று சொன்னோம். சரி, தோண்டியே பார்த்துவிடுவோம் என்று இடுப்பளவு குழி வெட்டினோம். மேலே முக்கால் அடிதான் நல்ல செம்மண். அதற்குக் கீழே சாம்பல் நிறக் களி, நடுநடுவே சுக்கான்கல். அதுவரை நேராக இறங்கிய வேர், களியைத் தொட்டதும் அடி வாங்கிய ஆணி மாதிரி மடங்கிப் பக்கவாட்டில் ஓடியிருந்தது. மழை விட்டு எட்டு நாளாகியும் களியின் தலைமேல் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது.

அடுத்த கூட்டத்தில் காய்ந்த களிக்கட்டி ஒன்றைக் கண்ணாடி டம்ளரில் போட்டுக் காட்டினேன். ஊற்றியது போர் தண்ணீர். கட்டி கொஞ்சம் உதிர்ந்தது, தண்ணீர் தெளிவாகவே இருந்தது. "மண்ணு நல்லாத்தானே இருக்கு" என்று பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். பின்வரிசைப் பெரியவர் ஒருவர், "ஏங்க செயலாளரே, வானத்துல இருந்து போர் தண்ணியா பேயுது?" என்றார். பிடித்துவைத்திருந்த மழைத் தண்ணீரில் இன்னொரு கட்டியைப் போட்டோம். டீ வந்து சேர்வதற்குள் கட்டியைச் சுற்றிப் பால் கலந்தது போல ஒரு வளையம். கூட்டம் முடியும்போது டம்ளர் முழுக்கக் கலங்கல். போர் தண்ணீர் போலத் தண்ணீரில் உப்பு இருந்தால் களித்துகள் பிரியாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். மழைநீர் பட்டால் சோடியம் ஏறிய களி சிதறி, மண்ணின் கண்களையெல்லாம் அடைத்துவிடும். காய்ந்தால் செங்கல்தான்.

கார அமில நிலை (pH) 8.5க்கு மேலும், களித்துகளில் ஒட்டியிருக்கும் மாற்றத்தக்க சோடியம் 15 விழுக்காட்டுக்கு மேலும் போனால் களர் என்பார்கள். நாமோ இதுவரை மேல்மண்ணை மட்டும் பரிசோதனைக்குக் கொடுத்து, நல்ல மண் என்று சீட்டு வாங்கி வந்தோம். இனி அடிமண்ணைத் தனிப் பையில் கொடுக்க வேண்டும்.

என் தவறையும் எழுதிவைக்கிறேன். ஆழ உழுதால் சரியாகும் என்று புரட்டிப்போடும் கலப்பையை விட்டேன். களி மேலே வந்து காய்ந்து தகடாகி, சோளம் முளைக்கவே இல்லை. வேண்டியது உளிக்கலப்பை: புரட்டாமல் ஒன்றரை அடி வரை கீறிவிடும். அதையும் மண் காய்ந்திருக்கும்போதே ஓட்ட வேண்டும். ஈரத்தில் ஓட்டினால் களி மெழுகிவிடும்.

கீறிய கையோடு ஜிப்சம் போடாவிட்டால் முதல் மழையிலேயே மூடிக்கொள்ளும். சுக்கான்கல்லே சுண்ணாம்புதானே, ஜிப்சம் எதற்கு என்று சிலர் கேட்டார்கள். கார மண்ணில் சுண்ணாம்பு லேசில் கரையாது. ஜிப்சம் கரைந்து, அதன் கால்சியம் சோடியத்தைக் கிளப்பிவிடும். அப்புறம் பசுந்தாள் உரமான தக்கைப்பூண்டை மடக்கி உழுதால், அது மக்கும்போது வரும் கரியமில வாயு அந்தச் சுக்கான்கல்லையும் கொஞ்சம் கரைத்துக் கொடுக்கும்.

கிளம்பிய சோடியம் வெளியே போக வழி வேண்டுமே! வடிகால் இல்லாத காட்டில் ஜிப்சம் போடுவது காசைக் களியில் புதைப்பதுதான். நம் பொது வடிகால் பாதி இடத்தில் தூர்ந்து, மீதி இடத்தில் வரப்பாகிவிட்டது. யார் எவ்வளவு சேர்த்துக்கொண்டார்கள் என்ற பேச்சிலேயே மூன்று கூட்டங்கள் போயின. கடைசியில் கடைமடைக்காரர்கள் தங்கள் பக்கத்தை முதலில் திறந்துவிட ஒப்புக்கொண்டார்கள். மேலேயிருந்து வெட்டிக்கொண்டு வந்தால் தண்ணீர் முழுக்க அவர்கள் காட்டில்தான் நிற்கும் என்பதால், கீழிருந்தே வெட்டிக்கொண்டு போவதாக முடிவு. சித்திரையில் வேலை தொடங்குகிறது. ஜேசிபி வாடகை ஏக்கர் கணக்கில் பிரிக்கப்படும். வாகனம் இறங்காத இடத்துக்கு வீட்டுக்கொரு ஆள், மண்வெட்டியோடு.

இப்படிக்கு,
செயலாளர்