தயக்கம் எங்களுக்கு அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சென்ற இதழில் கலைஞர்களின் வெளிநாட்டுப் பயணம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். "உதவித்தொகைகள் கொட்டிக் கிடக்கின்றன, கலைஞர்களுக்குத்தான் கேட்கத் தயக்கம்" என்று அதில் ஒரு வரி. கட்டுரையாளர் எத்தனை விண்ணப்பம் நிரப்பியிருப்பார் என்று தெரியவில்லை. மரப்பலகையில் செதுக்கி அச்செடுக்கும் நான் இதுவரை 23 நிரப்பியிருக்கிறேன். கிடைத்தது இரண்டு.

விண்ணப்பத்தோடு அழைப்புக் கடிதம் வேண்டும் என்பார்கள். அழைக்க வேண்டிய கலைக்கூடமோ, "முதலில் பயணச் செலவுக்கு வழி பண்ணிவிட்டுச் சொல்லுங்கள்" என்னும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதை.

கிடைத்த இரண்டில் ஒன்று, செலவு செய்துவிட்டு ரசீதைக் காட்டினால் திருப்பித் தரும் வகை. முன்பணம் ஒரு காசு கிடையாது. கையில் காசு உள்ளவனுக்குக் காசு கொடுக்க நடுவர் குழு எதற்கு? கடன் வாங்கித்தான் போனேன். ரசீதுகளைச் சரிபார்த்துப் பணம் வர ஏழு மாதம் ஆனது. வட்டிக்கு மட்டும் யாரும் ரசீது கேட்கவில்லை.

இன்னொன்றில் என் அச்சுகளை அனுப்பிய மரப்பெட்டி காலை வாரிவிட்டது. நாடு விட்டு நாடு போகும் மரப்பெட்டியின் பலகையை, உள்மரம் வரை 56 டிகிரி சூடு ஏறி 30 நிமிடம் நிற்கும்படியோ, அனுமதித்த வேறு முறையிலோ பதப்படுத்தி, முத்திரை குத்தியிருக்க வேண்டும். பூச்சி பரவக்கூடாதென்று உலகளவில் உள்ள விதி அது, நியாயமானதும்கூட. எனக்கு அது தெரியாது. உதவித்தொகை கொடுத்தவர்களும் சொல்லவில்லை. அவர்கள் செலவுப் பட்டியலில் பயணம், தங்கல், சாப்பாடு என்று மூன்றே வரி. படைப்பு எப்படிப் போய்ச் சேரும் என்பதற்கு வரியே இல்லை. கண்காட்சி 14 நாள். பெட்டி சுங்கத்தில் கிடந்தது 11 நாள். வெறும் சுவர் முன்னால் நின்று நான் பேசியதைத்தான் அறிக்கையில் 'பண்பாட்டுப் பரிமாற்றம்' என்று எழுதிக்கொண்டார்கள்.

விசாவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு 2024 ஜூனிலிருந்து 90 யூரோ. மறுத்தாலும் அது திரும்பாது. மாதச் சம்பளம் இல்லாதவனிடம் மாத வருமானச் சான்று கேட்டால் எதைக் காட்டுவது? வளரும் நாடுகளின் கலைஞர்களுக்கு வளர்ந்த நாடுகள் சலுகை காட்ட வேண்டும் என்று யுனெஸ்கோவின் 2005ஆம் ஆண்டு பண்பாட்டுப் பன்மை ஒப்பந்தத்தில் 16ஆவது பிரிவு சொல்கிறது. அந்தப் பக்கத்தை நகலெடுத்து விசா விண்ணப்பத்தோடு வைத்தேன். திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், மடிப்புக்கூடக் கலையாமல்.

அப்புறம் உதவித்தொகைகளில் வைக்கும் இந்த 35 வயது வரம்பு. கை படிவதற்கே இருபது வருடம் பிடிக்கிற வேலை இது!

உங்கள் இதழும் விலக்கல்ல என்பதை மரியாதையோடு சொல்லிக்கொள்கிறேன். போன ஆண்டு சிறப்பிதழுக்காக என்னிடம் ஓர் அச்சைக் கேட்டு வாங்கினீர்கள். அது தலைகீழாக வந்தது. சன்மானம் பற்றிக் கேட்டபோது, "உங்களுக்கு நல்ல அறிமுகம் கிடைக்குமே" என்றார் உதவி ஆசிரியர். தலைகீழாகவா என்று நான் கேட்கவில்லை. கட்டுரையாளர் சொன்ன தயக்கம் ஒருவேளை அதுதானோ என்னவோ.

சரி, கேட்பது ஒன்றுதான். உதவித்தொகை அறிவிப்புகளைக் கடைசி நாளுக்கு நான்கு நாள் முன்னால் போடாதீர்கள். இரண்டு மாதம் முன்பே ஓரமாக ஒரு கட்டத்தில் போட்டால் போதும். முன்பணம் உண்டா, சரக்குச் செலவு உண்டா, வயது வரம்பு என்ன என்பதையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள்.

என் அச்சையும் திருப்பி அனுப்பினால் உபகாரமாக இருக்கும். தபால் செலவை நானே தந்துவிடுகிறேன், முன்பணமாகவே.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்