தயாரிப்பை நிறுத்தும் புகையிலைக் கலவையின் செய்முறையை எழுதிவையுங்கள்

சுங்கான் (பைப்) புகையிலைக் கலவைகளைத் தயாரிக்கும் நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். வேலூரிலிருந்து எழுதுகிறேன். உங்களில் எவரும் இப்போது தயாரிக்காத ஒரு கலவையைச் சென்ற மாதம் முதன்முறையாகச் சுங்கானில் இட்டுப் புகைத்தேன். அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் இயங்கி, 2018இல் தொழிலை நிறுத்திக்கொண்ட மெக்லேலண்ட் நிறுவனத்தின் ஃபிராக் மார்ட்டன் என்ற கலவை அது; புகையில் பதப்படுத்திய லடாக்கியா என்ற புகையிலை சேர்ந்தது. ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்றில் நாற்பது ஆண்டுகள் தோலைத் தரம் பிரித்த என் சித்தப்பா, கண்காட்சிக்காக வெளிநாடு போனபோது அந்த 50 கிராம் டப்பாவை வாங்கிவந்து, பிரிக்காமலேயே பீரோவில் விட்டுச் சென்றிருந்தார்.

மூடியின் வளையத்தை இழுத்ததும் முதலில் எழுந்தது காடியின் புளிப்பு வாசனை. அந்த நிறுவனத்தின் வர்ஜீனியா வகைப் புகையிலைக்கு அது பேர்போன அடையாளம் என்பதை அறிந்திருந்ததால், சரக்கு கெட்டுவிட்டதோ என்று நான் பதறவில்லை. கருத்த இழைகளும் செம்பழுப்பு இழைகளும் ஈரத்தில் ஒட்டிக் கிடந்தன. செய்தித்தாளின் மேல் பரப்பி அரைமணி நேரம் உலரவிட்டபோது புளிப்பு அடங்கி, அடியிலிருந்து வேறொரு மணம் மேலே வந்தது. பக்கத்தில் வந்து நின்ற சித்தி ஒரு சிட்டிகையை எடுத்து முகர்ந்துபார்த்து, "இது உங்க சித்தப்பா வேலைக்குப் போட்டுட்டுப் போற சட்டை வாசனை ஆச்சே" என்றார். கீழை நாட்டு இலையை விறகுப் புகையில் நாட்கணக்கில் தொங்கவிட்டுப் பதப்படுத்துவதால் லடாக்கியாவுக்குத் தோலின் மணம் வருகிறது என்று நான் படித்ததை, எதையும் படிக்காமலே அவர் ஒரு நொடியில் சொல்லிவிட்டார்.

முதல் குச்சியில் பொங்கி மேலெழுந்த இலையை அழுத்திவிட்டு, இரண்டாம் குச்சியில் பற்றவைத்தேன். வர்ஜீனியாவின் இனிப்பு முன்னால் நிற்க, லடாக்கியா அதன் பின்னால் அடக்கமாக வந்தது; பாதி எரிந்தபின் இரண்டையும் பிரித்தறிய முடியவில்லை. புகையிலை உடலுக்குக் கேடு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் இலையைத் தேர்ந்து, பதப்படுத்தி, அளவறிந்து கலப்பது ஒரு கைத்தொழில். அந்தத் தொழிலறிவு அழிந்துபோவதைப் பற்றியே இம்மடலை எழுதுகிறேன்.

தரமான இலை கிடைக்காதபோது, மெக்லேலண்ட் செய்ததுபோல, பெயரை மட்டும் வைத்துக்கொண்டு சரக்கை மாற்றாமல் கடையை மூடுவது நேர்மையான செயல் என்றே நினைக்கிறேன். டன்ஹில் பெயரில் விற்ற நைட்கேப், மை மிக்ஸ்சர் 965 என்ற கலவைகள் இன்று பீட்டர்சன் பெயரில் கிடைக்கின்றன; கலவை கைமாறியது, அதனால் பிழைத்தது. கைமாற ஆள் இல்லாத கலவைக்கு என்ன வழி என்பதுதான் என் கேள்வி.

எங்கள் பழைய வட ஆற்காட்டில் ஒரு காலத்தில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிட்டார்கள். பின்னர் வாட்டில் என்ற மரத்தின் பட்டை வந்தது, அதன்பின் குரோமியம் வந்தது. ஆவாரம் பட்டையில் பதனிட்ட தோலைத் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடும் விரல்கள் சித்தப்பாவின் தலைமுறையோடு குறைந்துபோயின. ஆயினும் ஈ.ஐ. (கிழக்கிந்திய) தோல் எனப்படும், பட்டையில் பதனிட்ட தோலுக்குப் புவிசார் குறியீடு பெற்றபோது, அதைப் பதனிடும் முறை எழுத்தில் பதிவாகி, சென்னையிலுள்ள பதிவகத்தில் ஆவணமாக நிற்கிறது. செய்கிற ஆள் குறைந்தாலும், செய்ய விரும்புகிறவன் தொடங்குவதற்கு ஓர் இடம் இருக்கிறது.

அதையே உங்களிடம் கேட்கிறேன். விற்பனையில் இருக்கும் கலவையின் தொழில் இரகசியத்தை நான் கேட்கவில்லை. ஒரு கலவையை இனித் தயாரிப்பதில்லை என்று முடிவுசெய்த நாளில், எந்த ஊர் இலை, எந்தெந்த விகிதம், எத்தனை நாள் அழுத்தத்தில் வைத்தது, மேலே எதைத் தெளித்தது என்பவற்றை எழுதி, எவரும் பார்க்கக்கூடிய இடத்தில் வெளியிடுங்கள். அதே இலை இன்று விளையாமல் போயிருக்கலாம். சிரியா நாட்டு லடாக்கியாவே இப்போது வருவதில்லை. அப்படியானால் அதையும் சேர்த்தே எழுதுங்கள். மாற்று இலை தேடுகிறவனுக்கு, எதற்கு மாற்று என்றாவது தெரிய வேண்டுமல்லவா?

டப்பாவில் ஏறக்குறைய நாற்பது கிராம் மிஞ்சியிருக்கிறது. கண்ணாடிப் புட்டியில் காற்றுப் புகாமல் மூடி, வெயில் படாத அலமாரியில் வைத்திருக்கிறேன். உங்களில் எவரேனும் இக்கலவையை மீண்டும் செய்துபார்க்க முன்வந்தால், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அதில் பாதியைத் தர அணியமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
வேலூர்வாசி ஒருவர்