ஆப்பிள் மியூசிக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்: ஆண்ட்ராய்டில் கேட்பவர்களும் உங்கள் நேயர்களே

மதிப்பிற்குரிய ஆப்பிள் மியூசிக் சேவைக் குழுவினருக்கு,

வணக்கம்.

2015 ஜூன் 30 அன்று இந்தியா உட்பட நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் தொடங்கிய உங்கள் இசைச் சேவை, அதே ஆண்டு நவம்பர் 10 அன்று ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்கும் வந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்புதான் உங்கள் நிறுவனம் தன் பெயரில் ஆண்ட்ராய்டுக்கென முதல் செயலியை வெளியிட்டிருந்தது. பழைய கைப்பேசியில் இருப்பவற்றை வாரிக்கொண்டு ஐபோனுக்குக் குடிபெயர உதவுவதே அந்தச் செயலியின் வேலை. இசைச் செயலியோ எவரையும் குடிபெயரச் சொல்லாமல், அவரவர் இருந்த இடத்துக்கே பாட்டைக் கொண்டுவந்து தந்தது. அந்த முடிவை நான் இன்றும் மதிக்கிறேன். அதை முழுமையாக்குங்கள் என்று கேட்கவே இந்த மடலை எழுதுகிறேன்.

2014 இல் 300 கோடி டாலருக்கு, காதொலிப்பான்கள் செய்யும் பீட்ஸ் நிறுவனத்தை வாங்கியபோது அதனுடன் வந்த இசைச் சேவைக்கு ஏற்கெனவே ஆண்ட்ராய்டு நேயர்கள் இருந்தார்கள். அவர்களை நடுவழியில் விட்டுவிட முடியாது என்பதும் அந்த முடிவுக்கு ஒரு காரணமாக இருந்திருக்கலாம். ஆனால் அதைவிட அடிப்படையான காரணம் ஒன்று உண்டு. கைப்பேசி விற்றுப் பிழைக்கும் தொழிலில் ஆளைத் தன் வேலிக்குள் நிறுத்துவது லாபமாகத் தெரியலாம். மாதச் சந்தாவில் நடக்கும் இசைத் தொழிலில் வேலிக்கு வெளியே நிற்கும் ஒவ்வொருவரும் வராத சந்தாவே. இந்தியாவில் புழங்கும் கைப்பேசிகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவை ஆண்ட்ராய்டு என்பதை எண்ணிப் பார்த்தால், இங்கே அந்தக் கதவு மூடியிருந்தால் சேவையே பெயரளவுக்குத்தான் இருந்திருக்கும்.

உங்கள் நிறுவனத்தின் குறுஞ்செய்திச் சேவையான ஐமெசேஜுக்கு நேர்ந்தது வேறு. விளையாட்டுச் செயலி நிறுவனமான எபிக் கேம்ஸ் உங்கள் மீது தொடுத்த வழக்கில் 2021 இல் வெளிவந்த ஆவணங்கள், அந்தச் சேவையை ஆண்ட்ராய்டுக்குக் கொண்டுபோகும் யோசனை 2013 இலேயே உள்ளே விவாதிக்கப்பட்டுக் கைவிடப்பட்டதைக் காட்டின. ஐபோனை விட்டு மக்கள் வெளியேறுவது எளிதாகிவிடும் என்ற கவலையே அதற்குக் காரணமாக இருந்தது. ஒரே நிறுவனம் இசையை வேலி தாண்ட விட்டது, செய்தியை விடவில்லை. இசையின் பக்கம் எடுத்த முடிவே சரியானது என்று நான் கருதுகிறேன். எனவே அதை அரைமனதாக நடத்தக் கூடாது என்கிறேன்.

நீங்கள் மனம் வைத்தால் சமமாக நடத்த முடியும் என்பதற்கு உங்கள் வரலாறே சான்று. தொடக்கத்தில் ஆண்ட்ராய்டு செயலியில் இசைக் காணொளிகள் இல்லை. 2016 இல் வந்தன. இழப்பற்ற ஒலித்தரம், அதாவது கோப்பைச் சுருக்கினாலும் ஒலியில் எதுவும் குறையாத தரம், 2021 ஜூனில் உங்கள் கருவிகளுக்கு வந்தது, ஜூலையிலேயே ஆண்ட்ராய்டுக்கும் வந்தது. மேற்கத்திய செவ்வியல் இசைக்கான தனிச் செயலி 2023 மார்ச் 28 அன்று ஐபோனில் வெளியாகி, மே 30 அன்று ஆண்ட்ராய்டை எட்டியது. உங்கள் சொந்த ஐபேடுக்கே அதன் பிறகுதான் போனது. ஆனால் பாடகரின் குரலைத் தணித்துவிட்டுக் கூடவே பாட வழிசெய்யும் வசதி 2022 டிசம்பரில் வெளியானபோது, உங்கள் கருவிகளுக்கு மட்டுமே வந்தது. வீட்டில் நாலு பேர் கூடினால் யாராவது ஒருவர் பாடத் தொடங்கிவிடும் எங்கள் ஊர்களில், ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர்கள் அந்த வசதியை எவ்வளவு ஆசையோடு பயன்படுத்துவார்கள் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. தொழில்நுட்பக் காரணங்கள் இருந்தால் அவற்றை வெளிப்படையாகச் சொல்லுங்கள், காத்திருக்கிறோம்.

ஒலித்தரத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். இழப்பற்ற ஒலியை வழக்கமான புளூடூத் வழியே அப்படியே கடத்த முடியாது, கம்பி வேண்டும். 2016 இல் வெளிவந்த ஐபோன் 7 முதல் உங்கள் கைப்பேசிகளில் காதொலிப்பான் கம்பியைச் செருகும் துளை இல்லை. விலை குறைந்த ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் பலவற்றில் அது இன்றும் இருக்கிறது. ஆகவே சேவையின் இழப்பற்ற ஒலியை இணைப்புத் துணைக்கருவி எதுவும் வாங்காமல் கேட்கும் வாய்ப்பு, போட்டியாளரின் எளிய கைப்பேசியை வைத்திருப்பவருக்கே அதிகம். அவரை இரண்டாம் தர நேயராக எண்ணுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

இவை அனைத்தையும்விட என் மனத்தில் பெரிதாக நிற்பது பாடல் தொகுப்பு பற்றிய கேள்வி. 2009 இல் உங்கள் ஐடியூன்ஸ் கடை தன் பாடல்களிலிருந்து நகலெடுப்பைத் தடுக்கும் மின்னணுப் பூட்டை நீக்கிய பிறகு, அங்கே விலை கொடுத்து வாங்கிய பாட்டை எந்தக் கருவியிலும் ஒலிக்கவிடலாம் என்று ஆனது. சந்தா முறையில் அந்த உரிமை இல்லை. சந்தா நின்ற நாளில் பதிவிறக்கி வைத்த பாட்டும் ஊமையாகிவிடும். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. வாடகை வீட்டின் இயல்பு அது. ஆனால் வாடகை வீட்டைக் காலி செய்கிறவர் தன் பெட்டி படுக்கையை எடுத்துப்போகலாம். எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு என்று ஒருவர் ஆண்டுக்கணக்கில் கோத்து வைத்த வரிசை அவருடைய உழைப்பு, அவருடைய சொத்து.

2024 முதல் ஆப்பிள் மியூசிக்கிலிருந்து யூடியூப் மியூசிக்குக்குப் பாடல் வரிசைகளை மாற்றிக்கொள்ள வழி செய்திருக்கிறீர்கள். நல்ல தொடக்கம். ஆனால் தமிழ்ப் பாடல்களுக்கு வரும்போது இத்தகைய மாற்றம் எளிதல்ல. திரையிசையில் ஒரே பாட்டு படத்தின் தொகுப்பிலும், இசையமைப்பாளர் பெயரிலான தொகுப்பிலும், பாடகர் பெயரிலான தொகுப்பிலும், மழைப்பாடல்கள், தாலாட்டுகள் என்று பின்னாளில் சேர்த்து வெளியிட்ட தொகுப்புகளிலும் தனித்தனியாகக் கிடக்கும். பெயர்களை ரோமன் எழுத்தில் எழுதும்போது ழகரத்துக்கு ஒருவர் ஓரெழுத்தையும் இன்னொருவர் ஈரெழுத்தையும் இடுவார். நெடிலை ஒருவர் இரட்டித்து எழுதுவார், மற்றவர் அப்படியே விடுவார். பெயரை மட்டும் ஒப்பிட்டுப் பொருத்தும் கருவி இங்கே தடுமாறி, மூலப் பதிவுக்குப் பதிலாக யாரோ மறுபடி பாடிய பதிவைக் கொண்டுவந்து வைத்துவிடலாம். ஒவ்வொரு பதிவுக்கும் பன்னாட்டு அளவில் வழங்கப்படும் தனி அடையாள எண் இருக்கிறது. அந்த எண்ணை முதன்மையாகக் கொண்டு பொருத்துங்கள். பொருந்தாதவற்றைத் தனியே பட்டியலிட்டு நேயரிடம் காட்டுங்கள். பாடல் பெயரையும் படப் பெயரையும் தமிழ் எழுத்திலும் பதிந்து வைத்தால் எழுத்துக்கூட்டல் குழப்பத்தில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். பத்து கோடிக்கும் மேற்பட்ட பாடல்களை அடுக்கி வைத்திருக்கும் உங்களுக்கு இது இயலாத வேலை அல்ல.

ஆகவே என் கோரிக்கை இது. புதிய வசதி ஒன்றை உங்கள் கருவிகளுக்கு அறிவிக்கும் அன்றே, அது ஆண்ட்ராய்டுக்கு வருமா, எப்போது வரும் என்பதையும் அறிவியுங்கள். எந்தச் சேவைக்குப் போனாலும் தம் பாடல் வரிசையை, பதிவு எண்களோடு, ஒரே கோப்பாக எடுத்துச் செல்லும் வசதியைச் செயலிக்குள்ளேயே, ஐபோனிலும் ஆண்ட்ராய்டிலும் ஒன்றுபோல வையுங்கள். அந்தக் கோப்பில் தமிழ்ப் பாட்டின் பெயர் தமிழிலேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஆண்ட்ராய்டு கைப்பேசியில் பாட்டுக் கேட்கும் நேயர் ஒருவர்