கேக் கிண்ணத்துல முயல் காது

மாப்ள, எப்படி இருக்க? அம்மாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்னு கேட்டதுக்கு அப்புறம்தான் நிம்மதியாச்சு, சொட்டு மருந்த மட்டும் நேரத்துக்கு விடச் சொல்லு.

இங்க பாப்பாவுக்கு ஆறு வயசு முடிஞ்சிருச்சு, கதை இல்லாம தூக்கம் கிடையாது. போன வாரம் லைப்ரரில ஒரு படக்கதை புக்கு எடுத்தோம்டா, அதப்பத்தி உன்கிட்ட சொல்லியே ஆகணும். 'தி ட்ரூ ஸ்டோரி ஆஃப் தி த்ரீ லிட்டில் பிக்ஸ்', 1989ல வந்தது, எழுதினது ஜான் ஷெஸ்கா, படம் லேன் ஸ்மித். நமக்குத் தெரிஞ்ச அதே மூணு பன்னிக்குட்டி கதைதான், ஆனா சொல்றது ஓநாய். பாட்டிக்கு பொறந்தநாள் கேக் செய்யணும், சர்க்கரை தீந்துபோச்சு, பக்கத்து வீட்ல ஒரு கப் வாங்கலாம்னு போனேன், ஜலதோஷம் வேற, தும்மல் வந்துச்சு, வைக்கோல் வீடு விழுந்துருச்சு, உள்ள இருந்த பன்னி செத்துக் கிடந்துச்சு, நல்ல சாப்பாட்ட வீணாக்குவானேன்னு சாப்பிட்டேன், இதுல என் தப்பு என்ன இருக்குன்னு ஜெயில்ல இருந்து கேக்குது!

நான் தமிழ்ல மாத்தி மாத்தி சொல்றேன், சர்க்கரை கடன் வாங்கப் போறதெல்லாம் நம்ம தெருவுல நடக்கறதுதானே, அப்படியே ஒட்டிக்குது. தும்மல் பக்கம் வந்தா நான் ஹ... ஹ...ன்னு இழுக்க இழுக்க அவ தலகாணிய அடுக்கி வீடு கட்டி ரெடியா வச்சிருப்பா, ஹச்சூன்னதும் தள்ளிவிட்டுட்டு உருண்டு உருண்டு சிரிக்கறா.

மூணாவது நாள் ராத்திரி சிரிக்கல மாப்ள. கேக் மாவு கலக்கற படத்துல விரல வச்சு, அப்பா இந்த கிண்ணத்துல ஏன் முயல் காது இருக்குன்னா. நிஜமாவே இருக்குடா, ரெண்டு காது நீட்டிக்கிட்டு. எழுத்துல அதப்பத்தி ஒரு வார்த்தை கிடையாது. ஓநாய் பொய் சொல்லுதுன்னு புக்குல எங்கயும் சொல்லல, பொய்யா நிஜமான்னு குழந்தையே பாத்துக்கட்டும்னு விட்டுட்டாங்க. ஷெஸ்கா நியூயார்க்ல ஸ்கூல் வாத்தியாரா இருந்தவராம், பசங்க கண்ணு எங்க போகும்னு தெரிஞ்ச மனுஷன். 2008ல அமெரிக்காவோட லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் முதல் சிறுவர் இலக்கியத் தூதரா அவரைத்தான் போட்டாங்க, சரியான ஆளுக்குத்தான் குடுத்திருக்காங்கன்னு தோணுது. நம்ம ஸ்கூல்ல கதை முடியறதுக்குள்ள 'இதனால் அறியப்படும் நீதி'ன்னு எழுதிப் போட்டுருவாங்களே, யோசிக்கவே இடம் இருக்காது, எனக்கு இப்பவும் அது வருத்தம்தான்.

பாப்பா இன்னும் தீர்ப்பு சொல்லல. முயல் காதுனால ஓநாய் மேல சந்தேகம், ஆனா மூணாவது பன்னி ஓநாயோட பாட்டியத் திட்டுனதும் தப்புதானேங்கறா. இப்ப வடைக் கதைய நரி சொன்னா எப்படி இருக்கும்னு ஆரம்பிச்சிருக்கா. ஹாஸ்டல்ல நரிக்கு நீ ஒரு குரல் குடுப்பியே, அதச் சொல்லி வச்சுட்டேன், மாமா ஞாயித்துக்கிழம போன்ல சொல்லுவாருன்னு காத்துட்டு இருக்கா. எட்டு மணிக்கு முன்னாடி கூப்பிடுடா, அதுக்கு மேல தூங்கிருவா.