செவித்துணை நாய் பற்றி மகளுக்கு

அன்பு மகளுக்கு,

காது கேளாதவர்களுக்குச் சத்தங்களை உணர்த்தப் பழக்கிய செவித்துணை நாய் ஒன்றை வீட்டுக்கு எடுப்பதா, வேண்டாமா என்று நீயும் மருமகனும் யோசிப்பதாக எழுதியிருந்தாய். விண்ணப்பியுங்கள் என்பதே என் அபிப்பிராயம். ஆனால் பயத்தை மட்டும் காரணமாக வைத்து விண்ணப்பிக்க வேண்டாம்.

இரவில் வீடு தீப்பிடித்தால் காது கேளாத உங்கள் இருவரையும் பேரனையும் யார் எழுப்புவது என்ற கவலைக்குக் கருவிகள் இருக்கின்றன. தலையணைக்குக் கீழே அதிரும் தட்டும் பளிச்சிடும் விளக்கும் இணைந்த புகை அலாரத்தை முதலில் பொருத்துங்கள்; நாய் வந்த பிறகும் அதைக் கழற்றாதீர்கள். நாய்க்கும் நோய் வரும், வயதாகும், ஒரு நாள் அது வேலையிலிருந்து ஓய்வு பெறும்.

நாயின் அருமை மற்ற நேரங்களில்தான் தெரியும். சமையலறையில் நீ முதுகைக் காட்டி நிற்கையில் சுவரில் மின்னும் விளக்கால் பயனில்லை. நாய் தேடி வந்து முன்காலாலோ மூக்காலோ உன்னைத் தொடும். என்னவென்று நீ சைகையில் கேட்டால், சத்தம் வந்த இடத்துக்கு உன்னைக் கூட்டிச் செல்லும். தீ அலாரம் அடித்தால் மட்டும் அப்படிச் செய்யாமல், உன்னைத் தொட்டுவிட்டு அங்கேயே தரையில் படுத்துவிடும். ஆபத்தை நோக்கி உன்னை அழைத்துப் போகக் கூடாது என்பதற்காக அப்படிப் பழக்குகிறார்களாம். இதை வாசித்தபோது எனக்கு மிகுந்த நிம்மதியாக இருந்தது. பேரன் கொஞ்சம் வளர்ந்ததும், மாடியில் இருந்தபடியே நாயை அனுப்பி உன்னை அழைக்கவும் பழகிக்கொள்வான்.

வெளியில் போகும்போது நிலைமை வேறு. 1982 முதல் நீங்கள் வாழும் பிரித்தானியாவில் இயங்கும் 'ஹியரிங் டாக்ஸ் ஃபார் டெஃப் பீப்பிள்' அமைப்பின் நாய்கள் கருஞ்சிவப்பு மேலங்கி அணிகின்றன. அதைக் கண்டவுடன் உனக்குக் காது கேளாது என்பது எல்லோருக்கும் விளங்கிவிடும். பின்னாலிருந்து பேசியதற்குப் பதில் சொல்லவில்லை என்று முகம் சுளிப்பவர்களால் நொந்துபோன உனக்கு அது ஆறுதலாக இருக்கலாம். மருமகனுக்கோ, தெரியாதவர்கள் நாயைத் தடவ வந்து பேச்சுக் கொடுப்பது பெரும் தொல்லையாகத் தோன்றலாம். கைதடி நவீல்ட் பாடசாலையில் செவிப்புலனற்ற தோழிகளோடு சைகையில் பேசி வளர்ந்தவள் நீ. அவரோ கேட்பவர்கள் நடுவில் தனியாகப் படித்தவர். ஆகவே அவருடைய சம்மதத்தை நீயாக ஊகித்துவிடாமல், நேரில் கேட்டுத் தெரிந்துகொள்.

நாயை இலவசமாகத் தந்தாலும், பனிக்காலத்திலும் அதை நடக்கக் கூட்டிப் போவதும் தீனி போட்டுப் பராமரிப்பதும் உங்கள் பொறுப்பு. 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தின்படி கடைக்காரரும் டாக்சிக்காரரும் பொதுவாக அதை மறுக்க முடியாது. உறவினர் வீடுகளை அந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது; நாயென்றால் ஒதுங்கும் உன் மாமியிடம் முன்கூட்டியே பேசி வை. நீங்கள் யாழ்ப்பாணம் வரும் வாரங்களில் அதை யார் பார்ப்பார்கள் என்பதையும் இப்போதே யோசியுங்கள்.

காத்திருக்கும் காலம் நீளமானது என்பதால் விண்ணப்பத்தைத் தள்ளிப்போடாதே. செவிப்புலனற்ற இருவர் வாழும் வீட்டில் நாய் யாரோடு இணைந்து வேலை செய்யும், மற்றவர் தனியாக இருக்கும் நேரத்தில் அது எப்படி உதவும் என்று அந்த அமைப்பினரிடம் கேட்டு, பதிலை எனக்கும் எழுது.

அன்புடன்,
அப்பா